உனக்கு ஆகாதுலே, பாக்காத

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்தப் போனைக் கீழ வையி. கீழ வைக்கச் சொன்னா மடியில வைக்கான் பாரு. சரி, சூடு தாங்குத வரைக்கும் மடியிலயே கெடக்கட்டும்.

நேத்து உங்க பாட்டிகிட்ட, "தாத்தா லண்டன்ல இருந்து வந்ததுலருந்து ஏதோ சதிக்கதைத் தொடரு பாக்காராம்லா, நல்லதா நாலு கேட்டுச் சொல்லு"ன்னியாம். எங்கிட்ட நேராக் கேக்கதுக்கு என்ன? போஸ்ட்மாஸ்டருக்கே ஆள் வச்சுத் தூது விடுதியோ? மொதல்ல நான் போனது லண்டன் இல்ல, லெஸ்டர். உனக்கு இங்கிலாந்துல எந்த ஊரும் லண்டன்தான். பொறவு, கேட்டுட்ட, சொல்லுதேன். ஆனா ஒண்ணு. நீ பாக்காத. உனக்கு ஆகாது. சர்க்கரைக்காரனுக்கு எந்தப் பலகாரம் ஆகாதுன்னு விவரமாச் சொல்லுதாம்லா வைத்தியன், அந்த மாதிரிதான் இது.

நீ படம் பாக்கத நான் பாத்திருக்கேன். ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட விடுத. பாட்டு வந்தா தள்ளுத. ரெண்டு பேரு உக்காந்து பேசுனா தள்ளுத. ஒருத்தன் சும்மா சன்னல் வழியா வெளிய பாத்தா, சவம் இது வேறயான்னு அதையும் தள்ளுத. வெள்ளக்காரன் சதிக்கதையில பாட்டுக் கெடையாது. மத்த ரெண்டு மட்டுந்தான் இருக்கு. நீ தள்ளிட்டேன்னா, கடைசியில ஆளுக பேரு ஓடுத எடம் மட்டுந்தான் மிஞ்சும்.

எனக்கு எப்படி இந்தக் கோட்டி பிடிச்சதுன்னு கேளு. 2023 அக்டோபர்ல போனோம்லா உங்க அத்தை வீட்டுக்கு. ஆறு மாச விசா. அதுல அஞ்சு மாசம் இருட்டு. சாயந்தரம் நாலு மணிக்குப் பொழுது அடைஞ்சிருது. நம்ம ஊருக் கோழிய அங்க கொண்டு விட்டா எப்பக் கூவன்னு தெரியாம மனசு ஒடைஞ்சு செத்துப் போகும். உங்க அத்தையும் மாமாவும் வேலைக்குப் போயிருவாவ. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருவா. நானும் உங்க பாட்டியும் சுவரப் பாத்துட்டு உக்காந்திருந்தோம். சுவத்துல டிவி இருந்துச்சு.

அங்க டிவி பாக்க லைசென்சு வேணும்லே. நாங்க இருந்தப்ப வருசத்துக்கு 159 பவுண்டு. உங்க மாமா அந்த ரசீதக் காட்டுனதும் எனக்குக் கண்ணு கலங்கிட்டு. துட்டப் பாத்து இல்ல. நம்ம ஊர்லயும் ஒரு காலத்துல ரேடியோவுக்கு லைசென்சு உண்டு. தபாலாபீசுலதான் வந்து கட்டணும். நானே முத்திரை குத்திக் குடுத்திருக்கேன். எப்பவோ செத்துப்போன சோலி அங்க உசிரோட நிக்கத கண்டா கலங்காதா? அந்தத் துட்டுலதான் பிபிசி நடக்கு. அதனால நடுவுல சோப்பு விக்க மாட்டான். சோப்பு விக்காததால, கதை எழுதுதவன் பத்து நிமிசத்துக்கு ஒரு கொலையப் போட்டு உன்னையக் கட்டிப் போட வேண்டியதில்ல. கெழவன் ஒருத்தன் மூக்குக் கண்ணாடியத் தொடைக்கத ஒரு நிமிசம் காட்டலாம். காட்டுதான்.

பழைய தொடரெல்லாம் எங்க கெடைச்சதுன்னா, தெருமுக்குல ஒரு சாரிட்டி கடை. செத்தவுக கோட்டு, ஜோடி ஒடைஞ்ச பீங்கான், பழைய டிவிடி எல்லாம் அங்க வந்து சேரும். பெட்டி ஒண்ணு ஒரு பவுண்டு. நான் வாங்கிட்டு வந்ததப் பாத்து உங்க அத்தை தலையில அடிச்சிக்கிட்டா. காது மந்தமானவுகளுக்குன்னு வசனத்தக் கீழ எழுத்துல போடுதாவ. அந்த எழுத்து இல்லன்னா அவன் பேசுத இங்கிலீஸ் ஒண்ணும் எனக்கு வெளங்கியிருக்காது. வெள்ளக்காரன் முக்கியமான சேதியத்தான் முணுமுணுப்பான். அதுவும் சதிக்காரன்னா கேக்கவே வேண்டாம்.

மொதல்ல கையில அகப்பட்டது 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'. 1979-ல பிபிசி எடுத்தது, ஏழு பாகம். ஜான் லெ காரே எழுதுன நாவல். அவரே உளவு ஆபீசுல சம்பளம் வாங்குனவரு. மொதல் பாகம் எப்படித் தொடங்குதுங்க? ஒரு ரூமு, ஒரு மேசை. ஒருத்தன் வாரான், உக்காருதான். இன்னொருத்தன் வாரான். மூணாவது ஆளும் வாரான். கடைசியில ஒருத்தன் டீக்கோப்பை மேல சாசர மூடி வச்சு, சிந்தாமத் தூக்கிட்டு வாரான். யாரும் ஒரு வார்த்தை பேசல. அதுக்குள்ள நீ மூணு ரீலு பாத்து முடிச்சிருப்ப. எனக்கு முதுகு சிலுத்துட்டு. முப்பத்தஞ்சு வருசம் ஆபீசுல உக்காந்தவன்லா நான். யாரு மொதல்ல வாரான், யாரு மத்தவன் மூஞ்சியப் பாக்காம உக்காருதான், யாரு கூட்டத்துக்குச் சாயாவும் கையுமா வாரான், இத வச்சே அந்த ஆபீசுல யாருக்கு யாரு மேல காந்தல்னு சொல்லிப்புடலாம். அந்த நாலு பேருல ஒருத்தன் ரஷ்யாக்காரனுக்கு வேலை பாக்கான். எவன்னு தெரியாது. கண்டுபிடிக்க யாரக் கூப்பிடுதாவ? நல்லா இருந்தப்ப வேலைய விட்டுத் தொரத்துன ஒரு கெழவன. ஸ்மைலின்னு பேரு. நடிச்சவரு அலெக் கின்னஸ்.

இந்த ஸ்மைலி துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடுவான்னு காத்திருக்காதலே. அவன் ஃபைலு படிப்பான். ஒரு ஆளப் பாத்துப் பேசுவான். திரும்பி வந்து இன்னொரு ஃபைலு படிப்பான். இடையில கண்ணாடியக் கழட்டித் தொடைப்பான். அவன் தொடைக்க நேரத்துலதான் எதிர்ல இருக்கவன் உண்மையக் கக்குவான். அடிச்சுக் கேட்டதால இல்ல, சும்மா இருக்கதுக்குக் கூச்சப்பட்டு. இத நான் நம்ம ஊர்லயே பரீட்சிச்சுப் பாத்தேன். போன மாசம் மேட்டுத்தெருக்காரன் கடனத் திருப்பித் தராம சாக்குச் சொன்னாம்லா, ஒண்ணும் பேசாம கண்ணாடியக் கழட்டித் தொடைச்சேன். பாதித் துட்டு வந்துட்டு. மீதிக்குக் கண்ணாடியில கீறலு விழுந்திரும்போல இருந்ததால விட்டுட்டேன்.

அதுல நம்ம தேசமும் வருது. டெல்லி ஜெயில்ல ஒரு ரஷ்ய உளவாளி, கார்லான்னு பேரு. ஸ்மைலி அவன்கிட்ட, எங்க பக்கம் வந்திருன்னு மணிக்கணக்காப் பேசுதான். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. போகும்போது ஸ்மைலியோட லைட்டர மட்டும் எடுத்துட்டுப் போயிருதான். கார்லாவா வாரது பேட்ரிக் ஸ்டூவர்ட். வாயே தெறக்காம நடிச்சுச் சம்பளம் வாங்குன மகராசன். நீ ஆபீசு மீட்டிங்குல மைக்க அணைச்சு வச்சிட்டு ஒறங்குதியே, அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சிராத.

இன்னொரு கூத்தையும் கேளு. அந்தத் தொடரு வந்த காலத்துல, அப்படி ஒரு உளவு ஆபீசு இருக்குன்னே சர்க்காரு சட்டப்படி ஒத்துக்கிடல. உள்நாட்டு எம்ஐ5-க்கு 1989-லதான் சட்டம் போட்டான். வெளிநாட்டு எம்ஐ6-க்கு 1994-ல. அதுவரைக்கும் கட்டடம் இருக்கு, ஆளு இருக்கு, மாசம் பொறந்தா சம்பளம் இருக்கு. ஆபீசு மட்டும் இல்ல. நீ 'வீட்டுலருந்து வேலை'ன்னு சொல்லிட்டு நார்க்கட்டில்ல மல்லாந்து கெடக்கியே, அதுக்கு முன்னோடி இதுதான்.

ஊரே உக்காந்து அதப் பாத்ததுக்கு ஒரு காரணம், அப்ப ஐடிவிக்காரன் வேலைநிறுத்தம். பிபிசிய விட்டுத் திருப்ப வேற சேனலு இல்ல. அதப் பத்திப் பேச இன்னொரு காரணம் பின்னால வந்துச்சு. கதை ஓடி முடிஞ்சு ஒரு மாசங்கூட ஆகல. 1979 நவம்பர் 15-ல அப்பப் பிரதமரா இருந்த தாட்சர் நாடாளுமன்றத்துக்குக் குடுத்த பதில்ல, அரண்மனைச் சித்திரங்களுக்கெல்லாம் காப்பாளரா இருந்த சர் ஆந்தனி பிளண்ட் ரஷ்யாவுக்கு உளவு பாத்த ஆளுன்னு சொல்லிட்டா. அந்தாளு 1964-லயே ரகசியமா ஒத்துக்கிட்டு, வழக்குக் கெடையாதுன்னு வாக்கும் வாங்கிட்டு, அதுக்குப் பொறவும் பல வருசம் ராணி வீட்டுச் சுவத்துப் படத்தப் பாத்துட்டு இருந்திருக்காரு. கதையில ஸ்மைலியாவது ஏழு பாகம் அலைஞ்சு கண்டுபிடிச்சான். இங்க கண்டுபிடிச்சதையே ஃபைலுக்குள்ள வச்சுப் பதினஞ்சு வருசம் பூட்டிட்டான்.

நீ சதின்னா என்னன்னு நினைச்சிருக்க? 2016-ல ரெண்டாயிரம் ரூவா நோட்டு வந்தப்ப, அதுல சிப்பு இருக்கு, பூமிக்கடியில பொதைச்சாலும் மேலருந்து தெரியும்னு வாட்ஸப்புல நாப்பது பேருக்கு அனுப்புனியே. உங்க பாட்டி அத நம்பி, சேத்து வச்ச நோட்ட அரிசிப் பானைக்குள்ள வச்சு, அதுக்கு மேல ஒரு வெங்கல ஏனத்தயும் கவுத்தி வச்சா. நம்ம ஊருச் சதி அப்படி, வெடிச் சத்தத்தோட வரும். அவன் ஊருச் சதி கூட்டம் போட்டு, நிகழ்ச்சி நிரல் எழுதி, பிஸ்கோத்து வச்சு நடக்கும். கொலை செய்யச் சொல்லுதவன் 'கொலை'ங்க வார்த்தைய வாயால சொல்ல மாட்டான். "அந்த விசயம் கொஞ்சம் தர்மசங்கடமா இருக்கு"ம்பான். அவ்வளவுதான், மறுநா ஒருத்தன் ரயிலு தண்டவாளத்துல கெடப்பான்.

இதுல கெட்டிக்காரன் யாருன்னா பிரான்சிஸ் அர்கட். 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்', 1990, நாலே பாகம். அமெரிக்காக்காரன் 2013-லருந்து எடுத்து இழுத்தானே, அது பேத்தி. நான் சொல்லுதது பூட்டி. அர்கட் ஆளுங்கட்சிக் கொறடா. எவன் எந்தப் பக்கம் சாயுதான், எவன் ராத்திரி எங்க போயிட்டு வாரான்னு கணக்கு வச்சிருக்கதுதான் அவன் உத்தியோகம். மந்திரி பதவி தாரேன்னு ஆசை காட்டித் தரல. மனுசன் சண்டை போட்டானா? பேட்டி குடுத்தானா? சிரிச்சுக் கையக் குடுத்துட்டு வந்தான். பொறவு ஒவ்வொருத்தன் சோலியா முடிச்சிட்டு வாரான். நடு நடுவுல நம்மளத் திரும்பிப் பாத்துப் பேசுதான். பாவைக்கூத்துல உளுவத்தலையன் ஆட்டத்த நிப்பாட்டிட்டு நம்மகிட்ட வம்பளப்பாம்லா, அப்படி. ஆனா உளுவத்தலையன் பேசுனா நாம சிரிச்சிட்டு வீட்டுக்கு வருவோம். இவன் பேசுனா நாமளும் அவன் கூட்டாளி ஆயிருதோம். ஒருத்தியக் கெடுக்கப் போறான்னு தெரிஞ்சும், ஆகட்டும் அண்ணாச்சின்னு நான் தலைய ஆட்டிட்டு இருந்தேன். உங்க பாட்டிதான் என்னைய முழங்கையால குத்துனா.

நடிச்சவரு இயன் ரிச்சர்ட்சன். நான் மொதல்ல சொன்னேன் பாத்தியா, டீக்கோப்பை மேல சாசர மூடிட்டு வந்த ஆளு, அவரேதான். பதினொரு வருசத்துல சாயாவ வச்சிட்டு நாற்காலியப் பிடிக்க வந்துட்டாரு. எழுதுன மைக்கேல் டாப்ஸ், தாட்சர் கட்சி ஆபீசுல பெரிய பொறுப்புல இருந்தவரு. அந்தம்மாகிட்ட வாங்கிக் கட்டுன கோவத்துலதான் பேனாவ எடுத்தாரு. அர்கட்டோட பேருக்கு மொதலெழுத்து ரெண்டையும் இங்கிலீஸ்ல சேத்துப் படி, எப்பேர்ப்பட்ட கோவம்னு தெரியும். சத்தமாப் படிக்காத, பாட்டி இருக்கா.

மொதல் பாகம் காட்டுனது 1990 நவம்பர் 18. கட்சிக்குள்ள தலைவரக் கவுக்கதுதான் கதை. அந்த வாரமே, நவம்பர் 22-ல, நெசமாவே தாட்சர் கட்சிக்குள்ள கவுந்து, விலகுதேன்னு அறிவிச்சா. ஜோசியக்காரங்கூட ஒரு வாரம் தள்ளித்தான் சொல்லுவான். ஆமான்னும் சொல்லாம இல்லன்னும் சொல்லாம அர்கட் வழக்கமா ஒரு பதில் வச்சிருப்பான். அதப் பொறவு நெச நாடாளுமன்றத்துலயே எடுத்துப் பேசிருக்காவ. உங்க பாட்டி ஒரே தடவைதான் கேட்டா. இப்ப மாசக் கடைசியில துட்டு எங்கன்னு கேட்டா எனக்கு அதே பதிலுதான் வருது.

இதெல்லாம் சரி, எது எல்லாத்துக்கும் மேலன்னு கேப்ப. 'எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்'. 1985, பிபிசி2, ஆறு பாகம். ட்ராய் கென்னடி மார்ட்டின் எழுதுனது, மார்ட்டின் கேம்ப்பெல் எடுத்தது. பிற்பாடு ஜேம்ஸ்பாண்டு படம் ரெண்டு எடுத்தாருலா, அவரேதான். 2010-ல மெல் கிப்சன வச்சு இதையே சினிமாவா எடுத்ததும் அவருதான். அதப் பாத்துட்டு வந்து, நானும் பாத்துட்டேன் தாத்தான்னு எங்கிட்ட சொன்ன, வாரியல் பிஞ்சிரும்.

கிரேவன்னு ஒரு போலீசுக்காரன், யார்க்‌ஷயர்ல. பொண்டாட்டி இல்ல, ஒத்த மக. ராத்திரி மழையில ரெண்டு பேரும் கார்லருந்து எறங்கி வீட்டு வாசலுக்கு வாராவ. ஒருத்தன் நாட்டுத் துப்பாக்கி மாதிரி ஒண்ணத் தூக்கிட்டு எதிர்ல நிக்கான். மக செத்துப்போறா. அப்பனுக்கு வச்ச குறி மக மேல பட்டுட்டுன்னு எல்லாரும் சொல்லுதாவ. அவனும் அப்படித்தான் நினைக்கான். பொறவு மக ரூமுல போய் உக்காந்து, அவ பாட்டக் கேட்டுட்டு, அவ சாமான ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கான். அந்த எடத்துல கதை அப்படியே நிக்கும். நீ தள்ளுவ. தள்ளாதன்னு சொல்லல, பாக்காதன்னுதான் சொல்லுதேன். சாமானுக்கு நடுவுல அணுக்கதிர் அளக்குத கருவி ஒண்ணு கெடக்கு. பச்சப்பிள்ளைக்கு அது எதுக்கு? அந்த நூலப் பிடிச்சிட்டுப் போனா, மலைக்கடியில அணுக்கழிவப் போட்டு வைக்குத நார்த்மூர்ங்க எடம் வருது, மந்திரி வாரான், கம்பெனிக்காரன் வாரான், ஜெட்பர்க்குன்னு ஒரு அமெரிக்க உளவாளி வாரான். ஆளு ஆனை மாதிரி இருப்பான். கோல்ப் ஆடுவான், டிவியில ஜோடி நடனம் பாத்து ரசிப்பான். அவன் புளூட்டோனியக் கட்டியத் தூக்கிட்டுத் திரியுததும், பெரிய மனுசங்க கூடுன சபையில அத வச்சு ஒரு காரியம் செய்யுததும்... போ, சொல்ல மாட்டேன்.

செத்த மக திரும்பத் திரும்ப வந்து அப்பங்கிட்ட பேசுதா. பேயா, கனவா, அவன் மனசா, எழுதுனவன் ஒண்ணுமே சொல்லல. இதுக்கு உங்க மாமா லாஜிக் கேட்டாரு. எங்கம்மா செத்து நாப்பது வருசமாச்சு, இன்னைக்கும் வெதைப்புக்கு முந்துன ராத்திரி வந்து "மேகாட்டுப் பக்கம் மழை எறங்கும், பொறுடா"ன்னு சொல்லிட்டுப் போறா. நான் லாஜிக்கா கேட்டேன்? பொறுக்கேன்.

அந்தக் கென்னடி மார்ட்டினுக்கு ஒரு ஆசை இருந்திருக்கு. கதை முடிவுல கிரேவன் மரமா மாறிரணும்னு. நெசமாவே மரம், கிளை எலையோட. கூட வேலை பாத்தவுக, கிரேவனா நடிச்ச பாப் பெக் உள்பட, இதெல்லாம் நடக்காதுன்னு ஒத்தக்கால்ல நின்னு மாத்த வச்சிட்டாவ. அதுக்குப் பதிலாத்தான் மலை உச்சியில கறுப்புப் பூவு. எனக்கு ஆத்தாமையாப் போச்சு. ஆளு மரமாகுதது நமக்கு என்ன புதுசா? அநியாயமாச் செத்த பிள்ளைய நம்ம சனம் மரத்துலதான் ஏத்தி வச்சிருக்கு. ஊருக்கு மேற்க நிக்கே வாகை, அதுக்கு ஏன் வெள்ளிக்கெழமை மஞ்சத்துணி கட்டுதோம்? அந்த எழுத்தாளன் ஒரு நடை இங்கன வந்திருந்தா, நாங்களே முன்ன நின்னு அந்தக் காட்சிய எடுத்துக் குடுத்திருப்போம். இங்கிலீஸ்காரன் கதிர்வீச்ச நம்புவான், மரத்த நம்ப மாட்டான்.

ஆனா அதே வருசம் அதே பிபிசியில வேற ஒரு மரம் இருந்துச்சு. இதத்தான் உங்கிட்ட சொல்லணும்னு மூணு நாளா நெஞ்சுக்குள்ள வச்சிருக்கேன். 1985 ஆகஸ்ட்ல அப்சர்வர் பத்திரிகை போட்டு உடைச்சிது. பிபிசியில வேலைக்குச் சேருதவுக, பதவி உயர்வுக்கு நிக்கவுக பேரெல்லாம் எம்ஐ5-க்குப் போகுமாம். தலைமையாபீசுல 105-ஆம் நம்பர் ரூமு. அங்க ஒரு பழைய பட்டாளத்துப் பிரிகேடியர உக்கார வச்சிருந்தாவ. எவன் மேலயாவது சந்தேகம்னா அவன் ஃபைலு மேல பச்சையில ஒரு குறி. பாக்கக் கிறிஸ்துமஸ் மரம் மாதிரியே இருக்கும். அந்த மரம் மொளைச்ச ஃபைலுக்காரனுக்கு ஏன் வேலை கெடைக்கல, ஏன் உயர்வு வரலன்னு யாரும் சொல்ல மாட்டாவ. பல வருசமா நடந்திருக்கு. இது வெளிய வந்த மூணாவது மாசம், நவம்பர்ல, அதே பிபிசி, சர்க்காரு ரகசியமா செய்யுத அநியாயத்தப் பத்தி ஆறு பாகம் போடுது. சனம் பாத்த வேகத்துல, முடிஞ்ச பத்து நாளுலயே பிபிசி1-ல மறுபடி மூணு ராத்திரியில போட்டான். ஆறு பாஃப்டா விருது வேற. கதையில ஆள மரமாக்க விடாதவன், ஃபைலுல ஆள மரமாக்கிருக்கான் பாத்தியா. எரிக் கிளாப்டன் அந்தத் தொடருக்குக் கிதாரு வாசிச்சிருக்காரு. ராத்திரி வெளக்க அணைச்சிட்டுக் கேட்டா வயித்துக்குள்ள குளுரும்.

'எ வெரி பிரிட்டிஷ் கூ'ன்னு ஒண்ணு இருக்கு. 1988, சேனல் 4, மூணே பாகம். ஷெபீல்டு இரும்பாலையில வேலை பாத்த ஹாரி பெர்கின்ஸ்ங்கவன் பிரதமராயிருதான். ஓட்டுப் போட்டு சனந்தான் கொண்டு வந்துச்சு. பத்திரிகை மொதலாளி, உளவு ஆபீசு, அமெரிக்காக்காரன் மூணு பேரும் சேந்து, இவன எப்படி எறக்கதுன்னு உக்காருதாவ. ரே மெக்கனாலி அந்த இரும்புக்காரனா வந்து நிக்கத பாக்கணும், வெண்ணெயா பேசுத அதிகாரிக கூட்டத்துல பனங்கட்டை மாதிரி நிப்பாரு. நாவல எழுதுன கிறிஸ் முல்லின் பொறவு எம்பி ஆனாரு. இது கற்பனைன்னு சொன்னவன் வாய 1987-ல பீட்டர் ரைட்டுங்க பழைய எம்ஐ5-காரன் எழுதுன புத்தகம் அடைச்சிட்டு. ஹெரால்டு வில்சன் பிரதமரா இருந்தப்ப எங்க ஆளுகளே அவரக் கவுக்கப் பேசுனாவன்னு எழுதிட்டான். அப்ப இங்கிலாந்துல அதுக்குத் தடை, அமெரிக்காவுல தாராளமா வித்தான். அங்க போயிட்டு வந்தவன் எல்லாம் பெட்டியில ஒண்ணு வச்சிட்டு வந்தான். தடை போட்டதுதான் அந்தப் புத்தகத்துக்கு விளம்பரம். நம்ம ஊர்ல கருவாடு மேல மூடி போட்டு வச்ச கதை.

வேகமா ஓடணும்னு அழுதேன்னா, 'ஸ்டேட் ஆஃப் ப்ளே' பாரு. 2003, ஆறு பாகம், பத்திரிகைக்காரங்க கதை. எடுத்த டேவிட் யேட்ஸ் பொறவு நீ பாக்குத ஹாரி பாட்டர எடுக்கப் போனாரு. அதுல ஆசிரியரா வார பில் நை ஒருத்தருக்காகவே பாக்கலாம். 'தி கேப்சர்'னு ஒண்ணு, 2019. தெருவுல வச்ச கேமரா சொல்லுதது பொய்யா இருந்தா என்ன செய்வங்க கதை. உன் ஜாதகம் பூரா போனுக்குள்ளதான இருக்கு, அதப் பாத்தா உனக்கு ஒறக்கம் வராது. 'யூடோப்பியா' 2013-ல வந்தது, மஞ்சளும் பச்சையுமா கண்ணப் பறிக்கும். மொதல் பாகத்துலயே ஒருத்தன் கண்ணுல மொளகாயத் தேய்க்கான். பொய் சொன்ன பயலுக்கு எங்கம்மா மொளகாப் புகை போடுவா. அதுக்கே ஊரக் கூட்டுவோம். இவன் மொளகாயோட நிப்பாட்டல. நானே கண்ண மூடிட்டேன், உங்க பாட்டி மட்டும் முறுக்குத் தின்னுட்டே பாத்தா.

'லைன் ஆஃப் டூட்டி' உனக்குத் தெரிஞ்சிருக்கும். போலீசப் பிடிக்குத போலீசு. ஒரு ரூமு, ஒரு ஒலிப்பதிவுப் பெட்டி, அது 'பீ...'ன்னு நெடுநேரம் கத்தும், பொறவு அர மணி நேரம் விசாரணை. எனக்கு வந்த ஆய்வு அதிகாரிகள நினைச்சிட்டே பாத்தேன். எல்லாத்துக்கும் மேல இருக்க பெருந்தலை யாருன்னு வருசக் கணக்கா இழுத்துட்டு வந்து, 2021 மே 2-ல ஆறாவது சீசன் முடியும்போது காட்டுனான். 1 கோடியே 28 லட்சம் பேரு அன்னைக்கு ராத்திரி பாத்தாவளாம். பாத்துட்டுப் பாதிப் பேரு, சே, இந்தப் பயலான்னு கொறை சொன்னாவ. எனக்கு அதுதான் பிடிச்சிது. கோட்டையில ஒரு ராட்சசன் இருப்பான்னு தேடிப் போனா, மேசைக்குப் பின்னால ஒரு மொண்ணை உக்காந்திருக்கான். எத்தனை ஆபீசுல பாத்திருக்கேன்.

இனி ஒண்ணு சொல்லி முடிச்சிருதேன், மாட்டுக்குத் தண்ணி காட்டணும். 2024 ஜனவரி 1 ராத்திரி, பண்டிகை நாளுன்னு உங்க அத்தை வீட்டுல எல்லாரும் இருந்தோம். ஐடிவியில 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆபீஸ்'னு தொடங்கிச்சு, நாலு ராத்திரி. பேருல போஸ்ட் ஆபீசுன்னு இருந்ததால நாற்காலிய முன்னுக்கு இழுத்துப் போட்டேன். துப்பாக்கி இல்ல, உளவாளி இல்ல. கடையோட சேத்துத் தபாலாபீசு நடத்துத சாதாரண சனம். இந்தியாவுலருந்து போன குடும்பங்களும் நெறைய. கம்ப்யூட்டர் ஒண்ணு வச்சாவ, ஹொரைசன்னு பேரு, புஜிட்சு கம்பெனியோடது. ராத்திரி கணக்கு முடிச்சா துட்டுக் குறையுதுங்குது. குறைஞ்சா நீதான் கட்டணும்னு ஒப்பந்தம். கட்டுனாவ. மறுபடி குறையுது. போன் பண்ணிக் கேட்டா, உங்களுக்கு மட்டுந்தான் இப்படி, வேற யாருக்கும் இல்லன்னு பதிலு. ஒவ்வொருத்தருக்கும் அதே பதிலு.

உனக்கு இது வெளங்காது. எனக்கு ஒரு தடவை 27 ரூவா ஒதைச்சிது. ராத்திரி பூரா ஒறங்கல. வித்தியாசம் ஒன்பதால வகுபட்டா எங்கயோ எலக்கத்த மாத்தி எழுதிருக்கோம்னு அர்த்தம், அது எங்க தொழிலு ரகசியம். பேரேட்டப் பெரட்டுனேன், 63-ஐ 36-ன்னு எழுதிருக்கேன். என் கையெழுத்து, என் தப்பு, விடியுததுக்குள்ள கண்டுபிடிச்சிட்டேன். அந்தச் சனத்துக்குப் பெரட்டப் பேரேடு இல்ல. தப்பு கம்ப்யூட்டருக்குள்ள. அவுக கணக்க வேற எடத்துலருந்து யாரும் தொட முடியாதுன்னு ஆபீசு சாதிச்சிது. தொட முடியும்னு பொறவுதான் தெரிஞ்சிது. 1999-லருந்து 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல திருடன்னு தீர்ப்பு. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஜெயிலுக்குப் போனா. 2019-லயே நீதிமன்றம் அந்தக் கம்ப்யூட்டர்ல கோளாறு உண்டுன்னு சொல்லிட்டு. ஆனாலும் அந்த நாலு ராத்திரி டிவியில காட்டுன பொறவுதான் ஊரு கொதிச்சு, 2024 மே மாசம் சட்டம் போட்டு மொத்தமாத் தீர்ப்ப ரத்து பண்ணுனாவ. நாலாவது ராத்திரி நான் சாப்பிடல. உங்க பாட்டி, அது உங்க ஆபீசு இல்லல்லா, தோசை ஆறுதுன்னா. அது எனக்குந் தெரியும்.

சரி, எந்திரி. நீ எப்படியும் கேக்க மாட்ட. பாக்காதன்னு சொன்னா பாக்கத்தான் செய்வ. அது தெரிஞ்சுதான இம்புட்டு நேரம் பாக்காத பாக்காதன்னு கத்திட்டு இருக்கேன். 'எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்' டிவிடி அந்தத் தகரப் பெட்டியில, வேட்டிக்கு அடியில இருக்கு. இன்னைக்கு ராத்திரி மொதல் ரெண்டு பாகம். பாட்டிகிட்ட சொல்லி முறுக்கு எடுத்துட்டு வா. வெளக்க அணை.

போனக் குடு இங்க. குடுலே. இந்தா, பழுப்புக் கவரு. உள்ள வச்சாச்சு. பசை தடவியாச்சு. அரக்கு காஞ்சு போச்சு, மெழுகுவத்தியில காட்டுனா இளகிரும். பழைய முத்திரை எங்க வச்சேன்... இருக்கு. ஆறு பாகமும் முடிஞ்ச பொறவு, ரசீதுல கையெழுத்துப் போட்டு வாங்கிக்க. அடையாள அட்டை கொண்டாரணும்.